குமிழியாக வருவது எந்த வாயு? செய்முறை வகுப்பில் கண்டுபிடிக்கும் வழி

பாடப்புத்தகத்தில் வாயுச் சோதனைகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையாக இருக்கும். இடப்பக்கம் வாயுவின் பெயர், வலப்பக்கம் அதற்கான சோதனை. செய்முறை வகுப்பில் நிலைமை தலைகீழ். கையில் ஒரு சோதனைக் குழாய், அதில் நுரைத்துப் பொங்கும் ஏதோ ஒன்று, பெயர்தான் தெரியாது. குச்சியைக் கொளுத்துவதா, சுண்ணாம்பு நீரை எடுப்பதா, லிட்மஸை நனைப்பதா என்று கை தடுமாறுவதற்குள் வாயு வந்து தீர்ந்துவிடும். அட்டவணையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள்கூட இங்கே திணறுவதுண்டு.

எந்த வரிசையில் யோசிப்பது, ஒவ்வொரு சோதனையும் எங்கே ஏமாற்றும் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் இந்தத் திணறல் போய்விடும். ஒரு சோதனைக்கு விடை கிடைத்ததும் பெயரை எழுதிவிடாதீர்கள். இதே விடையைத் தரக்கூடிய வேறு வாயு உண்டா என்று கேளுங்கள். அதை விலக்கிய பிறகு எழுதுங்கள்.

குழாய்க்குள் போனது என்ன?

சோதனை தொடங்குவது வாயு வந்த பிறகு அல்ல, குழாயில் பொருள்களைப் போடும்போதே. எதையும் எதையும் சேர்த்தோம் என்று தெரிந்தால் வரக்கூடிய வாயுக்கள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். நீர்த்த அமிலம் துத்தநாகம், மெக்னீசியம் போன்ற உலோகத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன். அதே அமிலம் கார்பனேட்டோடும் பைகார்பனேட்டோடும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சல்பைட்டோடு சேர்ந்தால் சல்பர் டை ஆக்சைடு. சல்பைடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. இந்தக் கடைசி இரண்டு உப்புகளின் பெயர்களும் ஓரெழுத்தில் வேறுபடுவதால் சீசாவின் மேல்சீட்டை இரண்டு தடவை படிப்பது நல்லது. அம்மோனியம் உப்பைக் காரத்தோடு சூடாக்கினால் அம்மோனியா. ஹைட்ரஜன் பெராக்சைடில் மாங்கனீசு டை ஆக்சைடைத் தூவினால் ஆக்சிஜன்.

இரண்டு விதிவிலக்குகளைக் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரிக் அமிலம் வலுவான ஆக்சிஜனேற்றி. அதில் துத்தநாகத்தைப் போட்டால் பொதுவாக ஹைட்ரஜன் வராது, நைட்ரஜனின் ஆக்சைடுகளே வரும். இன்னொன்று, பளிங்குத் துண்டின் (அதாவது கால்சியம் கார்பனேட்டின்) மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் முதலில் நன்றாக நுரைக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். கரைய மறுக்கும் கால்சியம் சல்பேட் துண்டைச் சுற்றிப் படலமாகப் படிந்து, அமிலம் உள்ளே போகாமல் தடுத்துவிடுகிறது. வினை நின்றுவிட்டதால் 'கார்பனேட் இல்லை' என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். பளிங்குக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமே சரி.

வாயு வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

சிவப்பு, நீல லிட்மஸ் தாள்கள், காய்ச்சி வடித்த நீர், மெல்லிய மரக்குச்சிகள், தெளிந்த சுண்ணாம்பு நீர், தக்கையில் பொருத்திய வளைகுழாய், இடுக்கி, ஒரு கண்ணாடித் தண்டு. சுண்ணாம்பு நீரை முந்தைய நாளே தயாரித்திருக்க வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டி, மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் சுமார் 0.04 சதவீதக் கார்பன் டை ஆக்சைடே போதும், மேலே வெள்ளை ஏடு படிந்துவிடும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எதையும் தொடாதீர்கள். குழாயின் வாய் உங்கள் பக்கமோ பக்கத்தில் நிற்பவர் பக்கமோ திரும்பியிருக்கக் கூடாது. பொருளின் அளவு குறைவாகவே இருக்கட்டும். ஒரு பட்டாணி அளவு திடப்பொருளும் 3 அல்லது 4 மில்லிலிட்டர் அமிலமும் பெரும்பாலான சோதனைகளுக்குத் தாராளம். நிறையப் போட்டால் விடை தெளிவாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் நுரை பொங்கி வழிந்து வளைகுழாய்க்குள் ஏறுவதைத்தான் பார்ப்பார்கள்.

கண்ணும் மூக்கும்

குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நிறம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பசுமை கலந்த மஞ்சள் என்றால் குளோரின். செம்பழுப்பு என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு, அல்லது புரோமின் ஆவி. பள்ளியில் வரும் மற்ற வாயுக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. ஹைட்ரஜன் குளோரைடும் நிறமற்றதுதான். ஈரக் காற்றில் பட்டதும் வெண்புகையாகத் தெரியும், அவ்வளவே.

மணம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. குழாயை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அதன் வாய்க்கு மேலுள்ள காற்றைக் கையால் உங்கள் பக்கம் மெல்ல விசிறி, லேசாக முகர வேண்டும். குழாய் வாயில் மூக்கை வைத்து இழுக்கவே கூடாது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. தீக்குச்சி உரசியதும் தொண்டையைக் கரகரக்க வைக்கும் நெடி சல்பர் டை ஆக்சைடு. கண்ணில் நீர் வரவைக்கும் காட்டம் அம்மோனியா.

ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் மூக்கை நம்பவே வேண்டாம். மிகக் குறைந்த அளவில் நாற்றம் தெரியும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டும்போது சில நிமிடங்களில் முகரும் உணர்வு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இதையும் குளோரினையும் ஆசிரியர், புகையை வெளியே இழுக்கும் அடைப்புக்குள் செய்துகாட்ட, மாணவர்கள் தள்ளி நின்று பார்ப்பதே முறை. வெளுப்புத் தூளில் அமிலம் பட்டால் குளோரின் வெளிவரும் என்பதால் அந்த இரண்டையும் வீட்டில் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம்.

லிட்மஸ்: நனைக்க மறந்தால் வேலை செய்யாது

உலர்ந்த லிட்மஸ் உலர்ந்த வாயுவில் நிறம் மாறாது. வாயு நீரில் கரைந்து அயனிகளைத் தந்தால்தான் அமிலமா காரமா என்று தாளுக்குத் தெரியும். எனவே இரண்டு தாள்களையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, இடுக்கியால் பிடித்து, குழாயின் வாய்க்கு மேல் ஒரு விரற்கடை இடைவெளியில் காட்டுங்கள்.

இடைவெளி ஏன்? அம்மோனியாச் சோதனையில் குழாய்க்குள் சோடியம் ஹைட்ராக்சைடு கொதித்துக்கொண்டிருக்கும். அதன் ஒரு துளி தெறித்து விளிம்பில் ஒட்டியிருந்து, தாள் அதில் பட்டால் போதும், அம்மோனியாவே வராவிட்டாலும் சிவப்புத் தாள் நீலமாகும். தாளில் நீலம் ஒரு புள்ளியாக, ஓரத்தில் மட்டும் தோன்றினால் தெறிப்பு என்று சந்தேகப்படுங்கள். வாயுவால் வரும் மாற்றம் தாள் முழுக்கப் பரவலாக வரும்.

சிவப்பு நீலமானால் கிட்டத்தட்டக் கேள்விக்கே இடமில்லை. பள்ளியில் சந்திக்கும் வாயுக்களில் காரத்தன்மை உள்ளது அம்மோனியா ஒன்றே. உறுதிசெய்ய, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டைக் குழாயின் வாய்க்கருகே கொண்டுபோனால் அம்மோனியம் குளோரைடு அடர்ந்த வெண்புகையாக எழும்.

நீலம் சிவப்பானால்தான் சிக்கல். கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, ஹைட்ரஜன் குளோரைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லாமே அமிலத்தன்மை உள்ளவை. வேகத்தையும் கவனியுங்கள்: ஹைட்ரஜன் குளோரைடு சட்டென்று செக்கச் சிவக்க வைக்கும், கார்பன் டை ஆக்சைடு சற்றுத் தாமதித்து, திராட்சைச் சாற்றின் நிறத்துக்குத்தான் கொண்டுவரும். தாள் சிவந்து, உடனே வெளுத்து வெள்ளையாகிவிட்டால் அது குளோரின். இரண்டு தாளும் அசையாமல் இருந்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற பக்கம் போங்கள்.

குச்சி: எரிவதா, கனல்வதா?

புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ஹைட்ரஜனுக்கு எரியும் குச்சி. ஆக்சிஜனுக்கு, சுடரை ஊதி அணைத்த, நுனியில் கங்கு மட்டும் மின்னும் தணல்குச்சி.

ஹைட்ரஜன் சோதனையை நிதானமாகப் பார்ப்போம். குழாயில் இரண்டு மூன்று துத்தநாகத் துண்டுகள், அவை மூழ்கும் அளவுக்கு நீர்த்த அமிலம். குமிழி வரத் தயங்கினால் ஒரு சிறு படிகக் காப்பர் சல்பேட்டைப் போடுங்கள். துத்தநாகத்தின் மேல் தாமிரம் படிந்து வினை வேகமெடுக்கும். வெளிவரும் வாயுவை இன்னொரு சிறிய குழாயில் பிடியுங்கள். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசு என்பதால் அந்தக் குழாயை வாய் கீழாகக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். பெருவிரலால் மூடி, சுடரருகே கொண்டுபோய் விரலை எடுங்கள். 'பாப்' என்று ஒரு சத்தம். சற்றுக் கூர்ந்து பார்த்தால் குழாயின் உள்சுவரில் மெல்லிய ஈரப்பனி படிந்திருக்கும். எரிந்த ஹைட்ரஜன் அங்கே நீராகியிருக்கிறது.

சத்தம் வருவது ஹைட்ரஜனோடு காற்று கலந்திருப்பதால். தூய ஹைட்ரஜன் சத்தமில்லாமல், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெளிர்நீலச் சுடரோடு எரியும். ஆகவே முதல் குழாய் கீச்சென்று வெடித்து, ஐந்தாவது ஆறாவது குழாய் அமைதியாக எரிந்தால் வாயு மாறிவிட்டது என்று பொருளல்ல, காற்று வெளியேறித் தூய்மை கூடியிருக்கிறது. இதே காரணத்தால்தான் வினை நடக்கும் குடுவையின் வாயிலோ வளைகுழாயின் நுனியிலோ நெருப்பைக் காட்டவே கூடாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தாலே அந்தக் கலவை தீப்பிடிக்கும். சிறிய குழாயில் 'பாப்' என்று போவது, குடுவையில் கண்ணாடிச் சில்லுகளாகப் பறக்கும்.

ஆக்சிஜனுக்கு 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். மாங்கனீசு டை ஆக்சைடு ஒரு சிட்டிகை. அது வினையை விரைவுபடுத்தும், தான் தீராது. முதல் சில நொடிகள் வெளியேறுவது குழாயில் ஏற்கனவே இருந்த காற்று, பொறுத்திருங்கள். பிறகு தணல்குச்சியைக் குழாயின் பாதிவரை இறக்கினால் கங்கு பளீரென்று சுடராகப் பற்றிக்கொள்ளும். நுரையில் குச்சி பட்டால் அணைந்துவிடும். பெராக்சைடு செறிவு அதிகமாக இருந்தாலும் சூடேறி நீராவி கிளம்பிக் குச்சியை நனைக்கும். குச்சி அணைந்ததும் ஆக்சிஜன் இல்லை என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இந்த நீராவியிடம் ஏமாந்தவர்கள் என்பது என் எண்ணம்.

தணல்குச்சியைப் பற்றவைக்கும் இன்னொரு வாயு உண்டு, நைட்ரஸ் ஆக்சைடு. இந்தக் குழப்பம் ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கே வந்தது. 1774-ல் பாதரச ஆக்சைடைச் சூடாக்கிக் கிடைத்த வாயுவில் மெழுகுவத்தி பிரகாசமாக எரிந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் தயாரித்திருந்த நைட்ரஸ் ஆக்சைடிலும் சுடர் அப்படித்தான் பிரகாசிக்கும். எனவே புதிய வாயுவை நீரோடு சேர்த்துக் குலுக்கிப் பார்த்தார். நைட்ரஸ் ஆக்சைடு நீரில் ஓரளவு கரையும், இது கரைய மறுத்தது. மறுஆண்டு அந்த வாயுவில் ஓர் எலியை அடைத்து, அது அதே அளவு சாதாரணக் காற்றில் இருப்பதைவிட நெடுநேரம் உயிரோடிருப்பதையும் கண்டார். சுடரை மட்டும் நம்பி அவர் பெயர் சூட்டிவிடவில்லை. பள்ளியில் நைட்ரஸ் ஆக்சைடு வர வாய்ப்பில்லை. பெராக்சைடிலிருந்து வந்தது என்ற தகவலே அதை விலக்கிவிடுகிறது. குழாய்க்குள் போனது என்ன என்று முதலில் கேட்டதன் பலன் இது.

சுண்ணாம்பு நீர்

வளைகுழாயின் நுனி சுண்ணாம்பு நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். முதல் குமிழிகள் காற்று, எதுவும் நடக்காது. பிறகு நுனியைச் சுற்றி மேகம்போல ஒரு வெண்மை எழும்பி, பரவி, குழாய் முழுக்கப் பால்போலாகும். அது கால்சியம் கார்பனேட், நீரில் கரையாத வீழ்படிவு. அங்கேயே நிறுத்தாமல் வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் வெண்மை மறைந்து மறுபடி தெளிந்துவிடும், கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் உண்டாவதால். வேகமாக நுரைக்கும் வினையில் இது சீக்கிரமே நடந்துவிடும். நீங்கள் தலைநிமிரும்போது நீர் தெளிவாக இருந்தால் சோதனை பொய்த்தது என்று கொள்ளாமல் அந்த நீரைக் கொதிக்கவையுங்கள், வெண்மை திரும்பி வரும்.

இங்கே ஏமாற்றும் காரணங்கள் மூன்று. பழைய சுண்ணாம்பு நீர் முன்பே கலங்கியிருக்கலாம். அதனால் பக்கத்தில் வாயு செலுத்தாத ஒரு குழாயையும் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் செறிவாக இருந்தால் அதன் ஆவியும் தெறிப்பும் வளைகுழாய் வழியே போய்ச் சுண்ணாம்பு நீரை நடுநிலையாக்கி, வெண்மையே வரவிடாது. மூன்றாவதுதான் முக்கியம்: சல்பர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும்.

தாள்களில் சில சிறப்புத் தாள்கள்

அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் தோய்த்த ஆரஞ்சுத் தாள், சல்பர் டை ஆக்சைடு பட்டால் பச்சையாகும். கார்பன் டை ஆக்சைடு அதை ஒன்றும் செய்யாது. லெட் அசிட்டேட் தாள் ஹைட்ரஜன் சல்பைடில் வெள்ளிபோல மின்னும் கருமை பெறும். ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த தாள் குளோரினில் கருநீலமாகும். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடிலும் அப்படியே ஆகும், ஆகவே நிறத்தையும் சேர்த்தே பாருங்கள். ஹைட்ரஜன் குளோரைடுக்கு, சில்வர் நைட்ரேட் கரைசலின் ஒரு துளியைக் கண்ணாடித் தண்டின் நுனியில் ஏந்தினால் துளி வெண்மையாகும். நீராவி என்று சந்தேகம் வந்தால் நீரற்ற காப்பர் சல்பேட்; வெண்தூள் நீலமாகும். டைகுரோமேட், லெட் தாள்கள் இரண்டும் நச்சு, இடுக்கியால் மட்டும் பிடியுங்கள்.

வாயுவைச் சேகரிக்கும்போது

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29 என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும். ஹைட்ரஜன் 2, அம்மோனியா 17, இவை மேலே போகும். சாடியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். கார்பன் டை ஆக்சைடு 44, சல்பர் டை ஆக்சைடு 64, குளோரின் 71, இவை அடியில் தங்கும்; சாடி நிமிர்ந்திருக்கட்டும். ஆக்சிஜன் 32, காற்றோடு அதிக வேறுபாடில்லை, நீரை இடம்பெயரவைத்துச் சேகரிப்பதே நல்லது. அம்மோனியாவை நீருக்கு மேல் சேகரிக்க முயலாதீர்கள். அறை வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் சுமார் 700 பங்கு அம்மோனியாவை விழுங்கிவிடும்.

சூடாக்கும் சோதனை எதுவானாலும் முடிக்கும் வரிசை முக்கியம். முதலில் வளைகுழாயை நீரிலிருந்து வெளியே எடுங்கள், அதன் பிறகே சுடரை விலக்குங்கள். மாற்றிச் செய்தால் குழாய்க்குள் வாயு குளிர்ந்து சுருங்கி, குளிர்ந்த நீரை உள்ளே இழுக்கும். சூடான கண்ணாடி கீறிவிடும்.

பெயர் தெரியாத ஒரு வெள்ளைத் தூள்

ஒரு வெள்ளைத் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியதும் நுரைக்கிறது. தூள் வெள்ளை, உலோகப் பளபளப்பு இல்லை; ஹைட்ரஜனைப் பின்னுக்குத் தள்ளலாம். வாயு நிறமற்றது. நீல லிட்மஸ் மெல்லச் சிவக்கிறது. சுண்ணாம்பு நீர் பால்போலாகிறது. பலர் இங்கேயே கார்பனேட் என்று எழுதி எழுந்துவிடுவார்கள். நீங்கள் டைகுரோமேட் தாளையும் காட்டுங்கள். ஆரஞ்சாகவே இருந்தால் கார்பன் டை ஆக்சைடு என்று துணிந்து எழுதலாம்.

பச்சையானால்? சல்பர் டை ஆக்சைடு வருகிறது, சரி. ஆனால் தூள் சல்பைட், கார்பனேட் இரண்டின் கலவையாகவும் இருக்கலாம். வாயுவை முதலில் அமிலம் சேர்த்த டைகுரோமேட் கரைசல் வழியாகச் செலுத்துங்கள். சல்பர் டை ஆக்சைடு அங்கேயே சிக்கிக்கொள்ளும். மிஞ்சி வரும் வாயு சுண்ணாம்பு நீரை வெண்மையாக்கினால் கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறது. கரைசலில் ஆரஞ்சு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முழுக்கப் பச்சையாகிவிட்டால் அதன் பிடிக்கும் சக்தி தீர்ந்துவிட்டது.

காப்பர் நைட்ரேட்டைச் சூடாக்குவது இன்னொரு நல்ல பயிற்சி. நீலப் படிகம் கறுக்கும், செம்பழுப்பு வாயு நிறையும். பெரும்பாலோர் நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எழுதி நிறுத்துவார்கள். உண்மையில் கூடவே ஆக்சிஜனும் வருகிறது. ஒரு வினை ஒரே வாயுவைத்தான் தர வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது.

குறிப்பேட்டில் எழுதுவது

கண்டதை ஒரு பத்தியிலும், அதிலிருந்து முடிவு கட்டியதை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். 'கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது' என்பது முடிவு. 'நிறமற்ற, மணமற்ற வாயு நுரைத்து வந்தது. ஈர நீல லிட்மஸ் இளஞ்சிவப்பானது. சுண்ணாம்பு நீர் பால்போலாகி, தொடர்ந்து செலுத்தியதும் தெளிந்தது. டைகுரோமேட் தாளில் மாற்றமில்லை' என்பதே கண்டது. மாற்றமில்லை என்பதும் ஒரு விடைதான், அதை விட்டுவிடாதீர்கள். எரியும் குச்சி அணைகிறது, லிட்மஸ் இரண்டும் அப்படியே, சுண்ணாம்பு நீர் தெளிவாகவே இருக்கிறது என்றால் நைட்ரஜன் பக்கம் போவதற்கு அந்த 'இல்லை'கள் மட்டுமே வழி.

குழாய்களைக் கழுவும்முன் துத்தநாகம் இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் தக்கை வைத்து அடைக்காமல், அமிலத்தை வடித்துவிட்டு, துண்டுகளை நீரில் அலசி, அதற்கென வைத்திருக்கும் கிண்ணத்தில் போட்டுவிடுங்கள். அடுத்த வகுப்புக்கு அவை அப்படியே பயன்படும்.